தாய்ப்பன்றிக்குச் சத்துப் பவுடர் கொடுத்தால் அடுத்த ஈத்தில் குட்டி கூடுமா? பண்ணை வைத்திருப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

முதல் ஈத்தில் 10 குட்டி. எல்லாமே நல்லா பால் குடிச்சு, கொழுகொழுன்னு வளர்ந்துச்சு. ஆனா அதே தாய்ப்பன்றி அடுத்த ஈத்தில் 7 குட்டியோட நிறுத்திக்கிச்சு. இன்னொரு பன்றி, குட்டிகளைப் பிரிச்சு மூணு வாரம் ஆகியும் பருவத்துக்கே வரல.

வெண்பன்றி வளர்ப்பவர்களுக்கு இது புதுசில்லை. இப்படி நடந்ததும் பலரும் முதலில் போய் நிற்பது மருந்துக் கடையில்தான். 'குட்டி எண்ணிக்கை கூடும்', 'சீக்கிரம் பருவத்துக்கு வரும்' என்று எழுதிய டப்பாக்கள் அங்கே வரிசையாக இருக்கும். ஒரு டப்பா வாங்கித் தீவனத்தில் கலந்து கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

சில சத்துகளுக்கு உண்மையிலேயே பலன் இருக்கிறது. ஆனால் எந்தச் சத்து, எந்த நேரத்தில், எதற்குப் பிறகு என்பதுதான் முக்கியம். அடுத்த ஈத்து நல்லா வருமா வராதா என்பதைப் பெருமளவுக்கு முடிவு செய்வது, தாய்ப்பன்றி இப்போது பால் கொடுக்கும் அந்த 4 முதல் 8 வாரங்களில் எவ்வளவு சாப்பிடுகிறது என்பதுதான். அது எப்படின்னு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பால் கொடுக்கும்போது உடம்பில் என்ன நடக்குது?

குட்டிப் பன்றி ஒரு கிராம் எடை கூடுவதற்குச் சுமார் 4 கிராம் தாய்ப்பால் குடிக்க வேண்டும். ஒரு குட்டி நாளுக்கு 200 கிராம் எடை போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 குட்டிகள் சேர்ந்து நாளுக்கு 2 கிலோ. அப்படியென்றால் தாய் தர வேண்டிய பால் தினமும் 8 கிலோ. அதுவும் பசும்பாலைவிடக் கொழுப்பு அதிகமான பால்.

இதற்கு எவ்வளவு தீவனம் தேவை? பண்ணைகளில் ஒரு எளிய கணக்கு உண்டு. தாயின் உடம்பைப் பராமரிக்க 2 கிலோ, அதோடு ஒவ்வொரு குட்டிக்கும் அரை கிலோ. 10 குட்டி என்றால் மொத்தம் 7 கிலோ அடர்தீவனம்.

ஆனால் நம்ம ஊர் வெயிலில் பல பன்றிகள் 4 அல்லது 5 கிலோவைத் தாண்டுவதில்லை. மீதி 2 கிலோவுக்கான சத்து எங்கிருந்து வரும்? தாயின் உடம்பில் இருந்துதான். முதுகுக் கொழுப்பு கரையும், அடுத்து தசையும் கரையும். தாய்ப்பன்றி பாலைக் குறைக்காது, தன்னைக் கரைத்துக்கொள்ளும். குட்டிகள் கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து 'தாய்க்கு ஒண்ணும் குறையில்லை' என்று நாம் நினைத்துவிடுவது இதனால்தான்.

சரி, அதுக்கும் அடுத்த ஈத்துக்கும் என்ன சம்பந்தம்?

குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும் வரை தாய்ப்பன்றி வழக்கமாகப் பருவத்துக்கு வராது. குட்டி மடியை முட்டிக் குடிக்கும்போது எழும் உணர்வு, மூளையில் இருந்து சினைப்பையைத் தூண்டும் எல்.எச். என்ற ஹார்மோனை அடக்கி வைத்திருக்கும். குட்டிகளைப் பிரித்தவுடன் அந்தத் தடை விலகும். கருமுட்டைப் பைகள் வேகமாக வளர்ந்து, நல்ல நிலையில் இருக்கும் பன்றி 4 முதல் 7 நாட்களில் பருவத்துக்கு வந்துவிடும்.

கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் கருமுட்டைகள் குட்டி பிரித்த அன்று புதிதாக முளைப்பதில்லை. பால் கொடுக்கும் காலத்தின் கடைசி வாரங்களிலேயே அவை சின்ன அளவில் வளரத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் தாய் பட்டினியில் இருந்தால் ரத்தத்தில் இன்சுலின் போன்ற வளர்ச்சிக்கு உதவும் ஹார்மோன்கள் குறையும். எல்.எச். இன்னும் அடங்கிப் போகும். முட்டைகளும் பலவீனமாகவே வளரும்.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1990-களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முதல் ஈத்துப் பன்றிகளில் ஒரு பிரிவுக்கு 28 நாளும் வயிறு நிறையத் தீவனம். இன்னொரு பிரிவுக்கு முதல் மூன்று வாரம் குறைத்துக் கொடுத்து, கடைசி வாரம் நிறையக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு நேர்மாறாக, கடைசி ஒரு வாரம் மட்டும் குறைத்தார்கள். தீவனம் குறைக்கப்பட்ட இரண்டு பிரிவிலுமே வெளியான கருமுட்டைகளின் எண்ணிக்கை குறைந்தது. அதோடு, கடைசி வாரம் பட்டினி கிடந்த பன்றிகளில் உருவான கருக்கள் தங்குவதும் குறைந்தது.

இதில் நமக்கான பாடம் ஒன்று இருக்கு. 'குட்டியைப் பிரிக்கப் போறோமே, தாய்க்குத் தீவனத்தைக் குறைப்போம்' என்று கடைசி வாரத்தில் சிலர் கையைச் சுருக்குவார்கள். அந்த வாரத்தில் மிச்சம் பிடிக்கும் தீவனம் அடுத்த ஈத்தின் குட்டிகளைப் பாதிக்கும்.

அதற்குப் பிறகு வந்த நவீன கலப்பினப் பன்றிகளில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. தீவனம் குறைந்தாலும் அவற்றில் பல, சரியான நாளில் பருவத்துக்கு வந்துவிடுகின்றன. ஆனால் கருக்களின் வளர்ச்சியில் பாதிப்பு தெரிகிறது. அதனால் 'சரியான நேரத்துக்குப் பருவத்துக்கு வந்துடுச்சே, எல்லாம் சரிதான்' என்று முடிவு கட்ட முடியாது.

முதல் ஈத்துப் பன்றிக்கு மட்டும் ஏன் கூடுதல் கவனம்?

பன்றிகளில் பொதுவாக முதல் ஈத்தைவிட இரண்டாவது, மூன்றாவது ஈத்துகளில் குட்டி எண்ணிக்கை கூட வேண்டும். அப்படிக் கூடாமல் இரண்டாவது ஈத்திலேயே சரிவது உலகம் முழுக்கப் பண்ணைகளில் பார்க்கும் பிரச்சினை.

காரணம் எளிமையானது. முதல் ஈத்துப் பன்றி இன்னும் வளர்ந்து முடியவில்லை. தன் உடம்பையும் வளர்க்கணும், 10 குட்டிக்குப் பாலும் கொடுக்கணும். ஆனால் அதன் பசி, ஈத்து கூடிய பன்றிகளைவிடக் குறைவு. உடம்பில் சேமிப்பும் குறைவு. பால் கொடுத்து முடிக்கும்போது உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தால், அடுத்த சினையில் சிக்கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. 170 கிலோ பன்றி 17 கிலோ இழந்தாலே அந்த எல்லை வந்துவிடும்.

பண்ணையில் எடை பார்க்கும் வசதி இல்லையா? இடுப்பு எலும்பையும் முதுகுத்தண்டையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்க. அழுத்தினால் மட்டும் எலும்பு தட்டுப்பட்டால் நல்ல நிலை. அழுத்தாமலே கையில் தட்டுப்பட்டால், பார்த்த உடனேயே கண்ணுக்குத் தெரிந்தால், தாய் ரொம்பவே கரைந்துவிட்டது என்று அர்த்தம்.

சத்துப் பொருள்களில் எது என்ன செய்யும்?

லைசின்: பால் உற்பத்திக்கு முதலில் பற்றாக்குறை ஆகும் அமினோ அமிலம் இதுதான். பால் கொடுக்கும் பன்றியின் தீவனத்தில் சுமார் 1 சதவீதம் லைசின் இருக்க வேண்டும். 5 கிலோ சாப்பிடும் பன்றிக்கு அது நாளுக்கு 50 கிராம். 100 கிராம் மக்காச்சோளத்தில் கால் கிராம் அளவுக்குத்தான் லைசின் இருக்கிறது. அதே 100 கிராம் சோயா புண்ணாக்கில் 3 கிராமுக்குப் பக்கம். கடலைப் புண்ணாக்கில் ஏறக்குறைய அதில் பாதிதான். விலை குறைவு என்று சோயாவை எடுத்துவிட்டுக் கடலைப் புண்ணாக்கோ தேங்காய்ப் புண்ணாக்கோ மட்டும் போட்டால், தீவனத்தின் மொத்தப் புரதம் கணக்கில் சரியாகத் தெரியும். ஆனால் தாயின் தசை கரையும். அப்படிப் போட்டே ஆக வேண்டும் என்றால், தனியாகக் கிடைக்கும் லைசின் தூளைக் கலப்பது அர்த்தமுள்ள செலவு.

எண்ணெய்: தீவனத்தில் 2 முதல் 5 சதவீதம் எண்ணெய் சேர்த்தால், குறைவாகச் சாப்பிட்டாலும் கூடுதல் எரிசக்தி கிடைக்கும். எண்ணெய் செரிக்கும்போது உடம்பில் உண்டாகும் சூடும் குறைவு. வெயில் காலத்துக்கு ஏற்றது. ஆனால் இந்தக் கூடுதல் எரிசக்தியின் பெரும்பகுதி பாலின் கொழுப்பாகவே போய்விடும். குட்டிகள் எடை போடும், தாய் இளைப்பது பெரிதாக நிற்காது.

அப்படின்னா அடுத்த ஈத்துக்கு எண்ணெயால் பலனே இல்லையா? இருக்கு. அது எண்ணெயில் உள்ள சில கொழுப்பு அமிலங்களால் வருவது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பால் கொடுக்கும் பன்றிக்கு நாளுக்குக் குறைந்தது 125 கிராம் லினோலெயிக் அமிலமும் 10 கிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் தேவை என்ற முடிவுக்கு வந்தார்கள். இந்த இரண்டும் போதுமான அளவு கிடைத்த பன்றிகளில் அடுத்த சினை பிடிப்பதும், பிடித்த சினை தங்குவதும் மேம்பட்டது.

இந்த அளவுக்கு விலை உயர்ந்த டப்பா எதுவும் தேவையில்லை. கணக்கைப் பாருங்க. 5 கிலோ தீவனத்தில் 3 சதவீதம் சோயா எண்ணெய் என்றால் 150 கிராம். அதில் பாதி, அதாவது சுமார் 75 கிராம் லினோலெயிக் அமிலம். ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் சுமார் 10 கிராம். தீவனத்தில் இருக்கும் 3 கிலோ மக்காச்சோளத்தில் இருந்து இன்னும் 55 கிராம் அளவுக்கு லினோலெயிக் கிடைத்துவிடும். கிட்டத்தட்ட தேவை முடிஞ்சது. தேங்காய் எண்ணெயில் இந்த அமிலங்கள் மிகக் குறைவு. பலகாரம் பொரித்து மிஞ்சிய பழைய எண்ணெயும் வேண்டாம். கெட்டுப்போன எண்ணெய், தீவனத்தில் உள்ள வைட்டமின்-ஈ சத்தை அழித்துவிடும்.

தாது உப்பும் வைட்டமினும்: பால் வழியாகக் கால்சியமும் பாஸ்பரஸும் தினமும் வெளியேறுகின்றன. கொடுக்காவிட்டால் எலும்பில் இருந்து போகும். நொண்டும் பன்றி இனச்சேர்க்கைக்கு நிற்காது. செலினியம், வைட்டமின்-ஈ, வைட்டமின்-ஏ, ஃபோலிக் அமிலம் ஆகியவை கருப்பையின் நலனுக்கும் கரு வளர்ச்சிக்கும் தேவை. பன்றிக்கான தரமான தாது உப்புக் கலவையையும் வைட்டமின் கலவையையும் சரியான அளவில் சேர்த்தாலே இவை கிடைத்துவிடும். மாட்டுக்கு வாங்கிய கலவையை அப்படியே பன்றிக்குப் போடுவது சரியாக வராது, இரண்டின் தேவையும் வேறு. 'நல்லதுதானே' என்று இரண்டு மடங்கு போடுவதும் ஆபத்து. செலினியம் அளவு மீறினால் நஞ்சு.

குரோமியம், கார்னிடின்: குரோமியம் இன்சுலின் வேலை செய்வதை மேம்படுத்தும். ஒரு டன் தீவனத்துக்கு 200 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில் கொடுத்து, அடுத்த ஈத்தில் குட்டிகள் கூடியதாக அமெரிக்காவில் 1990-களில் இருந்தே ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் எல்லா ஆய்விலும் அப்படிக் கூடவில்லை. பலன் தெரிய வேண்டும் என்றால் சினைக் காலத்தையும் சேர்த்து மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். குட்டி பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்பு வாங்கிப் போட்டுவிட்டு அதிசயம் எதிர்பார்க்க முடியாது. எல்-கார்னிடின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

குளுக்கோஸ்: குட்டி பிரித்த நாள் முதல் இனச்சேர்க்கை வரை டெக்ஸ்ட்ரோஸ் எனப்படும் குளுக்கோஸ் சர்க்கரை கொடுக்கும் முறை ஐரோப்பாவில் உண்டு. நெதர்லாந்து ஆய்வுகளில் இதனால் குட்டி எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் பிறக்கும் குட்டிகளின் எடை ஒன்றுக்கொன்று நெருக்கமாக, ஒரே சீராக இருந்தது. நோஞ்சான் குட்டி குறைவது என்பதும் லாபம்தான்.

ஈஸ்ட், புரோபயாட்டிக்: செரிமானத்துக்கும் பசிக்கும் உதவலாம். அதன் மூலம் தாய் கூடுதலாகச் சாப்பிட்டால் நல்லது. மற்றபடி இவற்றைக் கொடுத்தால் மட்டுமே அடுத்த ஈத்தில் குட்டி கூடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பவுடருக்கு முன்னாடி என்ன செய்யணும்?

முதலில் தண்ணீர். பாலில் 80 சதவீதம் தண்ணீர்தான். பால் கொடுக்கும் பன்றிக்கு நாளுக்கு 20 முதல் 35 லிட்டர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் பன்றி தீவனத்தையும் குறைத்துவிடும். நிப்பிள் குழாய் வைத்திருந்தால் ஒரு சின்ன சோதனை செய்யலாம். ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடிங்க. அரை நிமிஷத்தில் நிறையணும். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் ஆகுதுன்னா உங்க பன்றி தாகத்தோட இருக்குன்னு அர்த்தம். மொட்டை மாடித் தொட்டியில் இருந்து வெந்நீர் மாதிரி வரும் தண்ணீரையும் அது குடிக்காது.

அடுத்தது வெயில். பால் கொடுக்கும் பன்றிக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் இதமானது. 25-ஐத் தாண்டினாலே பசி குறையத் தொடங்கும். பன்றிக்கு வியர்த்துக் கொட்டி உடம்பைக் குளிரவைக்கும் திறன் கிடையாது. நம்ம ஊரில் வருஷத்தின் பாதி நாள் பகலில் 30-க்கு மேல். அதனால் தீவனத்தை வெயில் ஏறும் முன் அதிகாலையிலும், பொழுது சாய்ந்த பிறகு இரவிலும் பிரித்துப் போடுங்க. தாயின் கழுத்துப் பகுதியில் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி வைக்கலாம். குட்டிகள் படுக்கும் இடம் மட்டும் ஈரமாகக் கூடாது. பிறந்த குட்டிக்கு 30 டிகிரிக்கு மேல் கதகதப்பு வேண்டும்.

மூன்றாவது, சினைக் காலத்தில் அளவு. சினைப் பன்றிக்கு வாரி வாரிப் போட்டுக் கொழுக்க வைத்தால், குட்டி போட்ட பிறகு அது குறைவாகத்தான் சாப்பிடும். கொழுத்த பன்றிதான் பால் கொடுக்கும்போது வேகமாக இளைக்கும். சினையில் அளவோடு, பாலில் தாராளமாக என்பதுதான் சரியான வரிசை. பல பண்ணைகளில் இது தலைகீழாக நடக்கிறது.

குட்டி போட்ட அன்று கொஞ்சமாகக் கொடுத்து, தினமும் அரை கிலோ கூட்டி, ஒரு வாரம் பத்து நாளுக்குள் முழு அளவுக்குக் கொண்டு வரலாம். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் மொத்தத்தில் கூடுதலாகச் சாப்பிடும்.

ஓட்டல் மிச்சம் போட்டு வளர்க்கிறவர்கள் என்ன செய்வது?

தமிழ்நாட்டில் பலர் ஓட்டல், விடுதி, கல்யாண மண்டப மிச்சங்களை நம்பித்தான் பன்றி வளர்க்கிறார்கள். செலவு குறைவுதான். ஆனால் அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 5 கிலோ அடர்தீவனத்தில் கிடைக்கும் உலர் பொருள், உணவு மிச்சத்தில் கிடைக்க வேண்டும் என்றால் சுமார் 20 கிலோ சாப்பிட வேண்டும். பால் கொடுக்கும் பன்றியால் அவ்வளவு உள்ளே தள்ள முடியாது. வயிறு நிறையும், சத்து நிறையாது. இருப்பதும் பெரும்பாலும் சோறு, அதில் லைசின் குறைவு.

மொத்தப் பண்ணையையும் அடர்தீவனத்துக்கு மாற்ற முடியாவிட்டால், பால் கொடுக்கும் தாய்களுக்கு மட்டுமாவது மாற்றுங்க. வளரும் பன்றிகளுக்கு மிச்ச உணவு, தாய்க்கு அடர்தீவனம். கையில் இருக்கும் பணத்துக்கு அதிகப் பலன் தரும் இடம் அதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல் அசாமில் கண்டறியப்பட்டதில் இருந்து பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கிறது. பன்றி இறைச்சி கலந்த உணவு மிச்சம் வழியாகவும் அது பரவும். நன்றாகக் கொதிக்க வைக்காத எந்த மிச்சத்தையும் போடக் கூடாது.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் ஆபத்து. அதில் உருவாகும் சியரலினோன் என்ற நஞ்சு, பெண் ஹார்மோன் போலவே வேலை செய்யும். பன்றி பருவத்துக்கு வந்தது மாதிரி பிறப்புறுப்பு வீங்கும், ஆனால் சினை பிடிக்காது. இப்படிப்பட்ட பண்ணையில் எத்தனை டப்பா பவுடர் கொட்டினாலும் வீண்தான். மாற்ற வேண்டியது சோளத்தை.

குட்டி பிரித்த பிறகு?

பிரித்த அன்று தாயைப் பட்டினி போட்டால் பால் வற்றி, சீக்கிரம் பருவத்துக்கு வரும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. ஏற்கெனவே இளைத்த பன்றியை மேலும் இளைக்க வைப்பதுதான் அதில் நடக்கும். பிரித்ததில் இருந்து இனச்சேர்க்கை வரை நாளுக்கு 3 கிலோ அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் கொடுக்கலாம். தினம் இரண்டு வேளை ஆண் பன்றியை எதிரே கொண்டு வந்து காட்டினால் பருவம் தெளிவாகத் தெரியும்.

ரொம்ப இளைத்துப்போன முதல் ஈத்துப் பன்றியாக இருந்தால், முதல் பருவத்தை விட்டுவிட்டு 21 நாள் கழித்து வரும் அடுத்த பருவத்தில் சேர்ப்பதும் ஒரு வழி. உடம்பு தேறும், குட்டி எண்ணிக்கை கூட வாய்ப்புண்டு. ஆனால் அந்த 21 நாள் தீவனச் செலவு உங்களுடையது.

எது லாபம்? ஒரு சின்ன கணக்கு

பன்றியின் சினைக் காலம் 114 நாள். 28 நாளில் குட்டி பிரித்து, 6 நாளில் பருவத்துக்கு வந்தால் ஒரு சுற்றுக்கு 148 நாள். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டரை ஈத்து. ஒரு பருவம் தவறினால் சுற்று 169 நாளாகிவிடும். வருஷத்துக்கு 2.2 ஈத்து கூட வராது.

தீவனம் கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருவம் தவறிய பன்றி 21 நாள் சும்மா இருந்து நாளுக்கு இரண்டரை கிலோ சாப்பிட்டால் 1,575 ரூபாய். பால் கொடுக்கும் 28 நாளும் தாய்க்குத் தினம் ஒரு கிலோ கூடுதலாகக் கொடுத்தால் 840 ரூபாய்தான். அடுத்த ஈத்தில் குறையும் குட்டிகளின் விலையை இதில் சேர்க்கவே இல்லை.

டப்பா வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

முதலில், உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அளவோடு எழுதியிருக்கிறதா பாருங்க. 'அமினோ அமிலங்கள், வைட்டமின்கள், தாதுக்கள் நிறைந்தது' என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் இருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. நாளுக்கு 10 கிராம் போடச் சொல்லும் பவுடர் முழுக்க முழுக்க லைசினாகவே இருந்தாலும், தேவையான 50 கிராமில் அது ஐந்தில் ஒரு பங்குதான்.

அடுத்து, ஆன்டிபயாட்டிக் கலந்திருக்கிறதா என்று கேளுங்க. கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் தீவனச் சப்ளிமெண்டுகளிலும் பயன்படுத்த மத்திய அரசு 2019-ல் தடை விதித்தது. மனிதர்களுக்கு வேறு மருந்து வேலை செய்யாதபோது கடைசியாகக் கையில் எடுக்கும் ஆன்டிபயாட்டிக் அது. வளர்ச்சிக்காக என்று சொல்லி எந்த ஆன்டிபயாட்டிக்கையும் தீவனத்தில் கலக்காதீங்க.

பலன் கிடைச்சுதான்னு எப்படித் தெரியும்?

ஒரு பன்றிக்குப் பவுடர் கொடுத்து, அது 8-க்குப் பதில் 11 குட்டி போட்டால் பவுடர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பவுடரே இல்லாமலும் ஒரே பன்றி ஒரு முறை 8, மறுமுறை 11 போடும். நாலைந்து பன்றி மட்டும் வைத்திருப்பவர் ஒரு ஈத்தை வைத்து முடிவெடுத்தால், நல்லதையும் விட்டுவிடலாம், வீணானதையும் பிடித்துக்கொள்ளலாம்.

அதனால் ஒரு நோட்டு போடுங்க. ஒவ்வொரு தாய்க்கும் ஒரு பக்கம். குட்டி போட்ட நாள், குட்டி எண்ணிக்கை, பால் காலத்தில் தினமும் எத்தனை கிலோ சாப்பிட்டது, குட்டி பிரித்த நாள், அன்றைக்கு உடம்பு எப்படி இருந்தது, பருவத்துக்கு வந்த நாள், அடுத்த ஈத்தின் எண்ணிக்கை. இவ்வளவு போதும். இரண்டு மூன்று ஈத்துக்குப் பிறகு பக்கங்களைப் புரட்டினால், எந்தத் தாய் எங்கே சறுக்கியது என்று தெரியும். தீவனம் 4 கிலோவைத் தாண்டாத பன்றிகள்தான் பருவத்துக்குத் தாமதமாக வந்திருக்கின்றன என்றால், காசு போக வேண்டிய இடம் தீவனமும் தண்ணீரும் நிழலும். எல்லாம் நன்றாகச் சாப்பிட்டும் சினை தங்கவில்லை என்றால், சத்துக் குறைபாடா, பூஞ்சை நஞ்சா, லெப்டோஸ்பைரோசிஸ் போன்ற தொற்றா, ஆண் பன்றியிடம் கோளாறா என்று பரிசோதிக்க வேண்டும்.

அந்த நோட்டோடு பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்க. செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் வெண்பன்றிப் பண்ணையே இருக்கிறது. தீவனக் கலவை பற்றிய சந்தேகங்களை அங்கேயும் கேட்கலாம். 'சினை பிடிக்கல சார்' என்று வெறும் கையோடு போய் நிற்பதைவிட, நோட்டைக் காட்டிக் கேட்டால் உங்க பன்றிக்கு எது குறைகிறது என்று அவர்களால் சொல்ல முடியும். எந்த டப்பா வேணும், இல்ல எதுவுமே வேணாமா என்பதை அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்.